ஸ்டோர் கார்டும் மஞ்சக் கடுதாசியும்: அமெரிக்காவில் திவால் மனு போடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் ஒரு திவால் வக்கீலின் அலுவலகத்தில் படிவம் நிரப்புவது என் வேலை. நான் வக்கீல் இல்லை. தமிழ்க் குரல் கேட்டால் போனை என் பக்கம் தள்ளிவிடுவார்கள், அவ்வளவுதான். பேசுகிறவர்கள் வீட்டுக் கடன், கார் கடன், பெரிய கிரெடிட் கார்டு என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, போனை வைக்கப் போகும்போது இழுப்பார்கள்: "அப்புறம் ரெண்டு மூணு கடைக் கார்டு இருக்கு. அதெல்லாம் சின்னது." அந்தச் சின்னதைப் பற்றித்தான் இந்தப் பக்கம். ஊரில் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டான் என்றால் எல்லாக் கடனும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டதாக நினைப்போம். இங்கே அந்த மூட்டையைப் பிரித்து, எந்த ரசீது, என்ன தேதி, என்ன பொருள் என்று பார்ப்பார்கள்.

இரண்டு வகை மனு பற்றி அடிக்கடி வரும். சாப்டர் 7 என்றால், சட்டம் உங்களிடமே விட்டுவைக்கும் விலக்குப் போக மிஞ்சும் சொத்து இருந்தால் அதை ட்ரஸ்டி (உங்கள் கேஸைக் கவனிக்க நியமிக்கப்படுபவர்) விற்றுக் கடன்காரர்களுக்கு, அதாவது கடன் கொடுத்தவர்களுக்கு, பிரித்துக் கொடுத்து, பாக்கிக் கடனை ரத்து செய்வது. சாப்டர் 13 என்றால் 3 முதல் 5 ஆண்டு வரை மாதத் தவணை கட்டி முடிப்பது. கீழே தனியாகச் சொல்லாத இடங்களில் சாப்டர் 7 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டாலர் வரம்புகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளவை; மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அவை மாறும்.

கடைக் கார்டு கடனும் மற்ற கிரெடிட் கார்டு கடன் மாதிரிதானே?

பெரும்பாலும் ஆமாம். கார்டில் கடையின் பெயர் இருந்தாலும் பணம் கொடுப்பது ஒரு வங்கி. ஹோம் டிப்போ, பெஸ்ட் பை கார்டுகளுக்குப் பின்னால் சிட்டிபேங்க் இருக்கிறது. லோவ்ஸ் கார்டுக்குப் பின்னால் சிங்க்ரனி. டார்கெட்டுக்கு டிடி பேங்க். மனுவில் கடன்காரர் பட்டியலில் போக வேண்டியது இந்த வங்கியின் பெயரும் முகவரியும்தான். கடையின் கிளை முகவரியைப் போட்டுவிட்டு, அங்கே கவுன்டரில் நிற்கும் பையனுக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த கதையெல்லாம் உண்டு.

மற்ற கார்டிலிருந்து இது விலகும் இடம் ஒன்று: வாங்கிய பொருள்மேலேயே வங்கிக்கு ஒரு பிடி இருக்கலாம். இன்னொரு சிக்கல் எல்லாக் கார்டுக்கும் பொது, ஆனால் கடைக் கார்டில்தான் அதிகம் மாட்டுவார்கள்: மனு போடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு வாங்கியது.

பொருள்மேல் பிடியா? அது காருக்குத்தானே?

கார் கடனில் அது வெளிப்படையாகத் தெரியும். டைட்டிலில் வங்கியின் பெயர் இருக்கும். கட்டாவிட்டால் இழுத்துப் போவார்கள். அதே உரிமை மெத்தைக்கும் டிவிக்கும் நகைக்கும் வரலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. எந்தப் பொருளை வாங்கக் கடன் கொடுத்தாரோ அந்தப் பொருளையே ஈடாகப் பிடித்துக்கொள்ளும் உரிமை இது. சாதாரணமாக ஈடு பிடிக்கிறவர் அரசு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் வீட்டு உபயோகப் பொருளை வாங்குவதற்கென்றே கொடுத்த கடனுக்குப் பதிவே வேண்டாம். கையெழுத்துப் போட்டுப் பொருளை வாங்கிய உடனே பிடி செல்லும். மாநிலங்கள் பின்பற்றும் வணிகச் சட்டத்தின் 9ஆம் பகுதி அப்படிச் சொல்கிறது. அதனால் எங்கே தேடினாலும் பதிவு ஏதும் அகப்படாது. நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தில் ஒரு வரியாக அது உட்கார்ந்திருக்கும்.

விசா, மாஸ்டர்கார்டு சின்னத்தோடு எங்கும் தேய்க்கிற கார்டுகளில் பொதுவாக இந்த வரி இருக்காது. அந்த ஒரு கடையில் மட்டும் செல்லும் கார்டில்தான் சந்தேகப்பட வேண்டும். அதிலும் மெத்தை, சோபா, ஃப்ரிட்ஜ், டிவி, நகை விற்கும் கடைகளில். சட்டை, பேன்ட் வாங்கிய கார்டில் அந்த வரி இருந்தாலும் போட்டுக் கிழிந்த சட்டையைக் கேட்டு யாரும் வரப்போவதில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பாத்திரம் பண்டம், துணிமணி, கல்யாண மோதிரம் இவற்றையெல்லாம் வேறு கடனுக்கு ஈடாக எழுதி வாங்கக் கூடாது என்று எஃப்டிசி என்ற மத்திய வர்த்தக ஆணையத்தின் 1985ஆம் ஆண்டு விதி தடுக்கிறது. அப்படி எழுதி வாங்கியிருந்தாலும் திவால் நீதிமன்றத்தில் மனு கொடுத்து அதை நீக்கலாம். கடன் கொடுத்து வாங்கிய அதே பொருள்மேல் உள்ள பிடியை மட்டும் அப்படி நீக்க முடியாது.

என் கார்டில் அந்த வரி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கார்டு ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். தொலைத்துவிட்டீர்கள் என்றால், கார்டு நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தங்களைச் சமர்ப்பிக்கும் தளம் ஒன்றை சிஎஃப்பிபி என்ற மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடத்துகிறது. வங்கியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வாங்கிய பொருளில் எங்களுக்கு ஈட்டுரிமை தருகிறீர்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறதா பாருங்கள்.

இருந்தாலும் கதை முடியவில்லை. எந்தப் பொருள், என்ன விலை, எந்தத் தேதி, அதில் பாக்கி எவ்வளவு என்று கடன் கொடுத்தவர் காட்ட வேண்டும். பழைய ரசீதைத் தோண்டி எடுத்துத் தருவது அவர்களுக்கும் சுலபமில்லை. எங்கள் வக்கீல் முதல் கடிதத்திலேயே கேட்பது இதைத்தான்: ரசீதை அனுப்புங்கள், கையெழுத்தைக் காட்டுங்கள். பாதிப் பேரிடமிருந்து அதன் பிறகு பதிலே வராது.

ஒரே கார்டில் பல பொருள் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வந்தேன். எதற்குப் பாக்கி?

நல்ல கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டியை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.

பிப்ரவரியில் 900 டாலருக்கு வாஷிங் மெஷின். நவம்பரில் அதே கார்டில் 700 டாலருக்கு டிவி. இதுவரை கட்டியது 1,000 டாலர். பாக்கி 600. பல நீதிமன்றங்கள் பழையது முதலில் என்று கணக்கு வைக்கும். அப்படியானால் முதல் 900 வாஷிங் மெஷினுக்குப் போய்விட்டது. அது உங்களுடையது, அதன்மேல் யாருக்கும் பிடி இல்லை. மிச்சம் 100 டிவிக்கு. ஆக 600 டாலர் பாக்கி முழுவதும் டிவிமேல் நிற்கிறது. அந்த டிவியின் இன்றைய மதிப்பு 250 டாலர்தான் என்றால் ஈடுள்ள கடன் 250. மீதி 350 மற்ற கிரெடிட் கார்டு கடன் போலத்தான்; ரத்தாகிவிடும்.

சில ஒப்பந்தங்கள் வேறு தினுசு. கட்டுகிற ஒவ்வொரு டாலரையும் வாங்கிய எல்லாப் பொருளுக்கும் பிரித்துப் போடும். அப்படிப் பிரித்தால் கடைசிப் பைசா கட்டும் வரை முதலில் வாங்கிய பொருள்கூட விடுபடாது. தலைநகர் வாஷிங்டனில் வாக்கர்-தாமஸ் என்ற ஃபர்னிச்சர் கடை இப்படித்தான் எழுதி வைத்திருந்தது. 1957 முதல் அங்கே தவணையில் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், 1962இல் 514 டாலர் 95 சென்டுக்கு ஒரு ஸ்டீரியோ வாங்கினார். அந்தத் தவணை தவறியதும், அதுவரை வாங்கிய எல்லாப் பொருளையும் கடை கேட்டது. இது திவால் வழக்கு இல்லை. ஆனால் 1965இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், மனசாட்சிக்கு ஒவ்வாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் அமல்படுத்த வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்து, கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பியது. இங்கே சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவர் எல்லோரும் படிக்கும் வழக்கு அது. உங்கள் ஒப்பந்தம் எந்தத் தினுசு, உங்கள் மாநிலத்து நீதிமன்றம் எந்தக் கணக்கை ஏற்கிறது என்பதை வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிடி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது என்ன செய்வது?

சாப்டர் 7 மனுவோடு "என்ன செய்யப் போகிறேன்" என்று சொல்லும் படிவம் ஒன்று உண்டு. எண் 108. மனு போட்ட 30 நாளுக்குள் அல்லது கடன்காரர் கூட்டத் (ட்ரஸ்டியும் கடன் கொடுத்தவர்களும் உங்களைக் கேள்வி கேட்கும் கூட்டம்) தேதிக்குள், எது முன்னால் வருகிறதோ அதற்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். சொன்னதைச் செய்து முடிக்க அந்தக் கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 30 நாள். வழி மூன்று.

திருப்பிக் கொடுப்பது ஒன்று. பொருளை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டால் கடன் முழுவதும் போச்சு.

மதிப்பைக் கட்டி மீட்பது இன்னொன்று. மேலே சொன்ன டிவிக்கு 250 டாலரை ஒரே தடவையில் கட்டினால் டிவி உங்களுடையது, 350 ரத்து. தவணை கிடையாது, மொத்தமாகத்தான். மதிப்பு என்பது அந்த வயதில் அந்த நிலையில் உள்ள பொருளுக்கு ஒரு கடைக்காரர் என்ன விலை சொல்வாரோ அது. ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸில் அதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று நான்கைந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்போம். டிவியின் மூலையில் கீறல் இருந்தால் அதையும் ஒரு போட்டோ. வங்கி ஒப்புக்கொள்ளாவிட்டால் நீதிபதியிடம் மனு. ஆனால் பெரும்பாலும் அதுவரை போகாது. ஒரு பழைய டிவிக்காக வக்கீலை அனுப்ப எந்த வங்கிக்கும் கட்டுப்படியாகாது.

மூன்றாவது, கடனை மறுபடியும் ஏற்றுக்கொள்வது. இங்கே ரீஅஃபர்மேஷன் என்பார்கள். திவால் நடக்காதது போலப் பழைய கடனுக்குப் புதிதாகக் கையெழுத்து. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

வங்கியிலிருந்து ரீஅஃபர்மேஷன் பேப்பர் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் கார்டையும் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள். போடலாமா?

அவசரப்படாதீர்கள். ஒரு அக்கா இப்படித்தான் கவரோடு வந்தார். மூன்று வருடம் படுத்த மெத்தை, பாக்கி 1,400 டாலர் சொச்சம். மாதம் 45 டாலர் கட்டினால் மெத்தையும் உங்களுக்கு, கார்டில் 500 டாலர் வரம்பும் உங்களுக்கு என்று எழுதியிருந்தது. "மாசம் நாப்பத்தஞ்சு டாலர்தானே, கட்டிடலாம்" என்றார். அந்த மெத்தையை வாசலில் இலவசம் என்று போட்டு வைத்தாலும் யாரும் எடுக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்டிருந்தால் நாளைக்கு வேலை போனாலும் அந்த 1,400 தலைமேல் நின்றிருக்கும். அடுத்த 8 ஆண்டுக்கு இன்னொரு சாப்டர் 7 விடுதலையும் கிடைக்காது. கடைசியில் திருப்பித் தருகிறேன் என்ற கட்டத்தில் டிக் போட்டோம். மெத்தை இன்னும் அவர் வீட்டில்தான் கிடக்கிறது.

சட்டப்படி இது முழுக்க உங்கள் விருப்பம். கடன் ரத்து உத்தரவு வருவதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவும் வேண்டும். வக்கீல் இல்லாமல் போட்டால் இந்தச் சுமையைத் தாங்க முடியுமா என்று நீதிபதி பார்ப்பார். போட்ட பிறகு மனம் மாறினால், தாக்கல் ஆன 60 நாளுக்குள் அல்லது ரத்து உத்தரவுக்கு முன், இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை விலகிக்கொள்ளலாம்.

தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி ஏன் முக்கியம் என்பதற்கு சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்தின் கதை போதும். 1990களின் நடுவில் மாசசூசெட்ஸில் ஒருவர், திவால் முடிந்த பிறகும் சியர்ஸ் கார்டு கடனுக்கு மாதம் 28 டாலர் கட்ட ஒப்புக்கொண்டிருந்தார். முடியவில்லை. நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். நீதிபதி கோப்பை எடுத்துப் பார்த்தால் அந்த ஒப்பந்தம் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. தோண்டத் தோண்ட, நாடு முழுவதும் இதே வேலை நடந்திருப்பது தெரிந்தது. 1999இல் சியர்ஸின் துணை நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 6 கோடி டாலர் அபராதம் கட்டியது. வாங்கிய பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது தனிக் கணக்கு. எல்லாம் 28 டாலரில் ஆரம்பித்தது.

காருக்கு ரீஅஃபர்மேஷன் போடுவதில் சில சமயம் நியாயம் இருக்கலாம். மெத்தைக்கும் மிக்ஸிக்கும் அநேகமாக இல்லை.

திருப்பித் தருகிறேன் என்று எழுதினால் உண்மையிலேயே வீட்டுக்கு வந்து எடுத்துப் போவார்களா?

உரிமை உண்டு. ஆனால் நீங்கள் விடாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. தகராறு இல்லாமல் எடுக்க முடிந்தால்தான் தாங்களே எடுக்கலாம், இல்லையென்றால் மாநில நீதிமன்ற உத்தரவோடு வர வேண்டும். பயன்படுத்திய சோபாவுக்காக லாரியும் ஆளும் அனுப்பும் செலவை யார் செய்வார்? நகை, விலை உயர்ந்த லேப்டாப், புது ஃப்ரிட்ஜ் என்றால் கதை வேறு, கேட்பார்கள். கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அதுவரை பொருளைப் பத்திரமாக வைத்திருங்கள். விற்காதீர்கள்.

அந்த டிவியை ஏற்கெனவே ஊருக்கு அனுப்பிவிட்டேனே?

இதைத் தமிழர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். மாமா வந்தபோது கொடுத்து அனுப்பினேன், தங்கச்சி கல்யாணத்துக்கு அனுப்பினேன் என்பார்கள். ஈட்டுரிமை உள்ள பொருளை வேண்டுமென்றே கைமாற்றி வங்கிக்கு நஷ்டம் வரவைத்தீர்கள் என்று அவர்கள் வழக்குப் போட முடியும். நிரூபித்தால் அந்த அளவுக்குக் கடன் ரத்தாகாது. உங்களுக்கு அப்படி ஒரு பிடி இருப்பதே தெரியாது என்பது நல்ல பதில்தான், பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் பொருள் எங்கே என்று ட்ரஸ்டி கேட்கும்போது வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்வது சத்தியப் பிரமாணத்தின் பேரில். அனுப்பினேன், இந்த மாதம், இன்னாருக்கு, என்று சொல்லுங்கள். பொருளால் வரும் சிக்கலைவிடப் பொய்யால் வரும் சிக்கல் பெரிது. மொத்தக் கடன் விடுதலையே கைநழுவிப் போகும்.

போன மாதம் தீபாவளிக்குக் கார்டில் நிறைய வாங்கினேன். இப்போது மனு போடலாமா?

போடலாம், ஆனால் தேதியை எண்ணுங்கள். மனு போடும் நாளுக்கு முந்தைய 90 நாளுக்குள் ஒரே கடன்காரரிடம் மொத்தம் 900 டாலருக்கு மேல் ஆடம்பரப் பொருளோ சேவையோ வாங்கியிருந்தால், அந்தக் கடனைத் திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் வாங்கினீர்கள் என்று சட்டம் முதலில் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. கார்டில் ரொக்கம் எடுத்திருந்தால் 70 நாள், 1,250 டாலர். 2005இல் சட்டத்தைத் திருத்தியபோது பொருளுக்கான வரம்பு வெறும் 500 டாலர். மெல்ல மெல்ல ஏறி இங்கே வந்திருக்கிறது.

ஒரே கடன்காரர் என்பதைக் கவனியுங்கள். இரண்டு கடையின் கார்டு, இரண்டுக்கும் பின்னால் ஒரே வங்கி என்றால், இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

ஆடம்பரம் எது என்று பட்டியல் கிடையாது. உங்களையும் உங்களை நம்பி இருப்பவர்களையும் பராமரிக்க நியாயமாகத் தேவைப்பட்டது ஆடம்பரம் இல்லை என்று மட்டும் சட்டம் சொல்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைக்கு குளிர்கால ஜாக்கெட், பழுதான ஃப்ரிட்ஜுக்குப் பதில் சாதாரண ஃப்ரிட்ஜ், காருக்கு டயர் இவற்றில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 75 அங்குல டிவி, கேம் கன்சோல், நெக்லஸ், இவை கஷ்டம். தீபாவளிப் பட்டு எந்தப் பக்கம்? வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு துணி என்றால் நான் கவலைப்பட மாட்டேன். ஆளுக்கு 600 டாலர் புடவை என்றால் கவலைப்படுவேன். ஒரு நீதிபதியின் முன் அந்த ரசீதை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பேச முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

கடையில் வாங்கிய கிஃப்ட் கார்டு? பொருள் வாங்கியதாக ரசீதில் இருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது காசு. மனு போட நினைத்த பிறகு கிஃப்ட் கார்டு வாங்குவதைப் போல வம்பை விலைக்கு வாங்கும் வழி வேறில்லை.

சரி, 90 நாள் காத்திருந்து 91ஆம் நாள் போட்டால்?

ஊகம் போய்விடும். வழக்கு போடும் உரிமை போகாது. கடனைக் கட்டும் எண்ணம் இல்லாமல்தான் வாங்கினார் என்று வங்கியே நிரூபிக்க வேண்டியிருக்கும், அது மட்டும்தான் வித்தியாசம். எண்ணத்தை நேராகப் பார்க்க முடியாது என்பதால் நீதிமன்றங்கள் சுற்றியுள்ளதைப் பார்க்கும்: வாங்கும்போது வேலை இருந்ததா, வக்கீலிடம் எப்போது போனார், ஒரே நாளில் எத்தனை தடவை தேய்த்தார், வழக்கமாக வாங்கும் பொருளா, திடீரென்று மாறியதா. வேலை போகும் முன்பு வாங்கியது, வாங்கிய பிறகும் இரண்டு மூன்று தவணை கட்டியது இவை உங்கள் பக்கம். வக்கீலிடம் ஃபீஸ் பேசிவிட்டு வரும் வழியில் சோபா செட் வாங்கியது எதிர்ப்பக்கம். அப்படியும் ஒருவர் செய்தார், என்ன சொல்ல.

வங்கிக்கும் கெடு உண்டு. கடன்காரர் கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் இந்தக் காரணத்தைச் சொல்லி அந்தக் கடனைப் பிடித்து வைக்க முடியாது. போதிய ஆதாரம் இல்லாமல் வழக்குப் போட்டுத் தோற்றால் உங்கள் வக்கீல் செலவையும் அவர்கள் தலையில் கட்டலாம். அதனால் சின்னத் தொகைக்கு வழக்கு வருவது குறைவு. மிரட்டல் கடிதம் வரும். பாதித் தொகை கொடுத்தால் முடித்துக்கொள்கிறோம் என்பார்கள். பதில் எழுதுவதை வக்கீலிடம் விட்டுவிடுங்கள்.

நகைக்கடைக் கார்டில் வாங்கிய சங்கிலி. தாலியோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன். என்ன ஆகும்?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கடை கார்டில் வாங்கிய சங்கிலியில் பிடி இருந்தால், அது கழுத்தில் இருந்தாலும் லாக்கரில் இருந்தாலும் அந்த மூன்று வழிதான். விலக்குச் சட்டம் இங்கே காப்பாற்றாது. விலக்கு என்பது ட்ரஸ்டியிடமிருந்து காக்கும், ஈட்டுரிமை உள்ள கடையிடமிருந்து காக்காது.

தாலியும் ஊரிலிருந்து கொண்டுவந்த நகையும் வேறு கணக்கு. அதன்மேல் எந்தக் கடைக்கும் பிடி இல்லை. கவலை ட்ரஸ்டியைப் பற்றித்தான். மத்திய விலக்குப் பட்டியலில் நகைக்கு 2,125 டாலர். இன்றைய தங்க விலையில் மூன்று சவரனே அதைத் தாண்டிவிடும். ஆனால் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய பொது விலக்கு 1,675 டாலர் இருக்கிறது. அதோடு, வீட்டு விலக்கைப் பயன்படுத்தாதவர்கள் அதில் 15,800 டாலர் வரை சேர்த்துக்கொள்ளலாம். வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அநேகமாகப் போதும். கணவன் மனைவி சேர்ந்து போட்டால் இரட்டிப்பு. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் இந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கலாம். கலிபோர்னியா தன் பட்டியலைத்தான் கொடுக்கும்.

ஊரில் அம்மா லாக்கரில் இருக்கும் உங்கள் நகையையும் எழுத வேண்டும். சொத்து எங்கே இருந்தாலும், யார் கையில் இருந்தாலும் என்றுதான் சட்டம் சொல்கிறது. எழுதி விலக்குக் கேட்டால் பெரும்பாலும் தப்பும். மறைத்தால் தப்பாது.

ஒரு கடைக் கார்டை மட்டும் கட்டி முடித்து, மனுவில் காட்டாமல் வைத்துக்கொள்ளலாமா?

பாக்கி இருந்தால் காட்டியே ஆக வேண்டும். பிடித்த கடன்காரர், பிடிக்காத கடன்காரர் என்று பிரிக்க முடியாது. மனுவுக்கு முந்தைய 90 நாளில் ஒருவருக்கு மட்டும் 600 டாலரோ அதற்கு மேலோ கட்டியிருந்தால், எல்லோருக்கும் போக வேண்டியதை ஒருவருக்குக் கொடுத்தீர்கள் என்று ட்ரஸ்டி அதை வங்கியிடமிருந்து திரும்பக் கேட்கலாம். மச்சானிடம் வாங்கிய கைமாத்தைத் திருப்பிக் கொடுத்தது என்றால் ஓராண்டு வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். பாக்கியே இல்லாத கார்டைக் கடன்காரர் பட்டியலில் எழுத வேண்டியதில்லை. ஆனால் வங்கி எப்படியும் மோப்பம் பிடித்து மூடிவிடும், அதை நம்பி இருக்காதீர்கள்.

கார்டு என் பெயரில். மனைவியும் அதில் தேய்ப்பார். மனு நான் மட்டும் போடுகிறேன்.

அவர் உபயோகிக்க அனுமதி பெற்றவர் மட்டும் என்றால் பொதுவாகக் கடன் உங்களுடையதுதான். சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் பங்கு ரத்தாகும், வங்கி அவர் பக்கம் திரும்பும். சாப்டர் 13இல் மட்டும், தவணைத் திட்டம் ஓடும் வரை, சேர்ந்து கடன் வாங்கியவரிடமும் வசூல் செய்யாமல் ஒரு தடுப்பு உண்டு. கலிபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன் போன்ற தம்பதியர் கூட்டுச் சொத்து மாநிலங்களில் கணக்கு வேறு. அங்கே உள்ளவர்கள் அங்குள்ள வக்கீலைக் கேளுங்கள்.

சாப்டர் 13 போட்டால் கடைக் கார்டு எப்படிப் போகும்?

பிடி இல்லாத கடன் மற்ற கார்டுகளோடு சேர்ந்து, திட்டத்தில் கிடைக்கும் பங்கை வாங்கிக்கொள்ளும்; சில திட்டத்தில் டாலருக்குச் சில சென்ட் மட்டும். பிடி உள்ள பொருள் என்றால், வாங்கி ஓராண்டு தாண்டியிருந்தால் இன்றைய மதிப்பை மட்டும் தவணையாகக் கட்டி வைத்துக்கொள்ளலாம். ஓராண்டுக்குள் வாங்கியது என்றால் முழுப் பாக்கியையும் கட்ட வேண்டும். கார் என்றால் இந்த ஓராண்டு 910 நாளாக நீளும். பத்து மாதம் முன்பு வாங்கிய சோபா இருந்தால், அவசரம் இல்லாத பட்சத்தில், இரண்டு மாதம் பொறுத்துப் போடலாமா என்று வக்கீலைக் கேட்பதில் தப்பில்லை. கடைசி நேர ஆடம்பரச் செலவு மட்டும் சாப்டர் 13இலும் தப்பாது. அந்த விதி இரண்டுக்கும் பொது.

மனு போட்ட பிறகும் கடையிலிருந்து போன் வருகிறதே?

மனு தாக்கல் ஆன நொடியிலிருந்து வசூல் நின்றுவிட வேண்டும். கேஸ் நம்பரைச் சொல்லுங்கள், வக்கீல் பெயரைச் சொல்லுங்கள், போனை வையுங்கள். தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். தொடர்ந்தால் அந்தக் குறிப்புக்கு விலை உண்டு.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். மனு போடக் குடியுரிமை தேவையில்லை. இங்கே வசித்தாலோ இங்கே சொத்து இருந்தாலோ போதும். விசா பற்றிய கேள்விகளைக் குடியேற்ற வக்கீலிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தான கடனுக்கு வரி கட்ட வேண்டுமா?

திவாலில் ரத்தான கடன் வருமானம் ஆகாது. கடன் ரத்தானதை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-சி படிவத்தை வங்கி அனுப்பினால் பயப்படாமல், வரித் தாக்கலில் 982 என்ற படிவத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

முதலில் உங்களிடம் வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஒவ்வொரு கடைக் கார்டுக்கும் கடைசி ஆறு மாத ஸ்டேட்மென்ட். பெரிய பொருளின் ரசீது இருந்தால் ரசீது, இல்லாவிட்டால் ஆர்டர் வந்த ஈமெயில். பொருள் இப்போது எப்படி இருக்கிறது என்று போனில் ஒரு போட்டோ. எந்தக் கார்டை எந்த நாளில் கடைசியாகத் தேய்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். அந்தத் தாள் இருந்தால் முதல் சந்திப்பில் பாதி நேரம் மிச்சம். வருகிற வழியில் கடை எதற்கும் போகாதீர்கள்.